நாற்பத்தாறாம் பக்கத்து நிமிடங்கள்

அவள் படித்த காலத்தில் அவளுடைய மேசையைப் பார்த்தவர்கள், இங்கே ஏதோ அறுவை சிகிச்சை நடக்கப்போகிறது என்று எண்ணிக் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். வலப்பக்கம் நான்கு பேனாக்கள், ஒரே திசையில் தலைவைத்துப் படுத்திருக்கும். இடப்பக்கம் ஸ்கேல், பென்சில், அந்தப் பென்சில் உடைந்தால் இன்னொரு பென்சில். நடுவில் நோட்டு. அதில் முதலில் எழுதப்படுவது பாடம் அல்ல, மார்ஜின். நான்கு பக்கமும் சிவப்புக் கோடு இழுத்து முடித்த பிறகுதான் அந்தத் தாளுக்குள் அறிவு நுழைய அனுமதி. எனவே வகுப்பு அவளுக்கு மார்ஜின் என்று பெயர் வைத்தது. பெற்றோர் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் சில வருடங்கள் உயிரோடிருந்து, படிப்பு முடிந்ததும் காலமாகிவிட்டது.

இந்த வியாதி அப்பா வழியில் வந்தது. அவர் பஸ் டிப்போவில் நேரம் குறிக்கும் உத்தியோகத்தில் இருந்தார். எந்த வண்டி எப்போது கிளம்பியது, எத்தனை நிமிடம் தாமதம் என்று எழுதுவதே வேலை. வீட்டுக்கு வந்தும் மனிதர் அதை விடவில்லை. மூத்த மகள் குளித்துவிட்டு வெளியே வந்தால், "பதினேழு நிமிஷம்" என்பார். மூத்தவள் சிரித்துவிட்டுப் போவாள். அதனால்தான் அவள் எந்தப் பரீட்சையிலும் முதலாவதாக வராமல், இன்றுவரை நிம்மதியாகத் தூங்குகிறாள். இளையவள் சிரிக்கவில்லை. ஆறாம் வகுப்பிலேயே தனக்கென்று ஓர் அட்டவணை போட்டாள். ஐம்பது நிமிடம் படிப்பு, பத்து நிமிடம் ஓய்வு. ஓய்வு நேரத்தில் உண்மையாகவே ஓய்வெடுத்தோமா என்று டிக் செய்ய ஒரு தனிக் கட்டம். ஓய்வு சரியாக அமையாத நாட்களில் அவளுக்கு அழுகை வரும். அழுவதற்குக் கட்டம் இல்லாததால் அதை அடக்கிக்கொள்வாள்.

பள்ளி முடிந்து நர்ஸிங் கல்லூரிக்குப் போனாள். மூன்றாம் ஆண்டில் ஊசி மருந்துகள் பற்றிய பாடம். அதற்கான புத்தகம், தலைக்கு வைத்துப் படுத்தால் கழுத்து பிடித்துக்கொள்ளும் கனம். மார்ஜின் அதை அறுபது பக்க நோட்ஸாகச் சுருக்கினாள். ஒரு மருந்துக்கு ஒரு வரி. டாக்டர் மருந்தையும் அளவையும் எழுதிவிடுவார். அதை எத்தனை நிமிடத்தில் மெதுவாக ஏற்றுவது என்பது நர்ஸின் பொறுப்பு. ஆகவே ஒவ்வொரு மருந்தின் பெயருக்கும் எதிரே இரண்டு எண்கள். சிவப்பில் எழுதியது குழந்தைக்கு, நீலத்தில் எழுதியது பெரியவருக்கு. மேலே தலைப்புப் போடவில்லை. நிறமே வாய் திறந்து சொல்லும்போது தலைப்பு எதற்கு?

பக்கம்தோறும் முதலில் சிவப்பு, அடுத்து நீலம். நாற்பத்தாறாம் பக்கத்துக்கு வந்தபோது சிவப்புப் பேனா தீர்ந்துபோனது. அட்டவணைப்படி அந்தப் பக்கம் அன்று மாலை ஆறு மணிக்குள் முடிய வேண்டும். பேனா வாங்கக் கடைக்குப் போகும் நாள், அதே அட்டவணைப்படி, வியாழக்கிழமை. மார்ஜின் பதறவில்லை. எட்டு மருந்துகளுக்கும் பெயரை ஒட்டி நீல எண்ணை எழுதி முடித்தாள். வியாழனன்று புதுப் பேனா வாங்கி, மிச்சமிருந்த இடத்தில், நீலத்துக்கு அப்புறமாக, சிவப்பை நிரப்பினாள். அட்டவணை காப்பாற்றப்பட்டது. வானத்தில் இடி எதுவும் இடிக்கவில்லை.

அவள் முதலாவதாகத் தேறினாள். தோழிகள் நோட்ஸைக் கேட்டார்கள். கல்லூரி வாசலுக்கு எதிரே இருந்த ஜெராக்ஸ் கடையில் கொடுத்தாள். கடைக்காரரிடம் இருந்தது கறுப்பைத் தவிர வேறு நிறம் அறியாத இயந்திரம். பிரதிக்குப் பிரதி, அந்தப் பிரதிக்கு இன்னொரு பிரதி என்று நோட்ஸ் வம்சவிருத்தி அடைந்தது. சிவப்பும் நீலமும் ஒரே கறுப்பாகி, பக்கத்துப் பக்கத்தில் சமாதானமாக உட்கார்ந்துகொண்டன. அவளுக்கு இரண்டு வருடம் ஜூனியரான ஒரு பெண், அவளும் இதே வியாதிக்காரி, தலைப்பில்லாத அட்டவணையைப் பார்த்து மனம் பொறுக்காமல், எல்லாப் பக்கங்களிலும் ஸ்கேல் வைத்துத் தலைப்பு எழுதினாள். முதல் எண்ணுக்கு மேலே ‘குழந்தை’. இரண்டாம் எண்ணுக்கு மேலே ‘பெரியவர்’. ஐம்பத்தொன்பது பக்கங்களில் அது சரி.

பன்னிரண்டு வருடம் ஓடிவிட்டது. மார்ஜின் இப்போது அதே கல்லூரியை ஒட்டிய பெரிய ஆஸ்பத்திரியில், ஆண்கள் அறுவை சிகிச்சை வார்டில் நர்ஸ். அந்த வார்டில் அவளுக்கு ஒரே ஒரு மனக்குறை. வாய்க்குள் நுழையாத நீளப் பெயர் கொண்ட ஒரு கிருமிக்கொல்லி மருந்து உண்டு. அதன் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் கிருமி கிழவனாகிவிடும் என்பதால் எல்லோரும் அதை ‘நீளம்’ என்பார்கள். பெரியவர்களுக்கு நாலு நிமிடத்தில் ஏற்றிவிடலாம். ஆனால் புதிதாக வந்த பெண்கள் அதை இருபது நிமிடம் இழுத்தார்கள். ஒரு கையில் சிரிஞ்சு, மறு கையில் போன். ‘போன் நோண்டறதுக்கு ஒரு சாக்கு’ என்று அவள் பல்லைக் கடித்துக்கொள்வாள். யாரையும் காரணம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தக் கதை சில வருடங்கள் முன்பே முடிந்திருக்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை, அக்காவின் மகள் சித்தி வீட்டுக்குப் படிக்க வந்தாள். மூன்றாம் ஆண்டு நர்ஸிங். சொந்த வீட்டில் டிவி சத்தம், அம்மாவின் சிரிப்பு முதலான இடையூறுகள். சித்தி வீட்டில் சுவர்க்கடிகாரம்கூட அனுமதி கேட்டுத்தான் அடிக்கும். வாயாடி என்று குடும்பத்தில் பட்டம் வாங்கிய அந்தப் பெண், ஸ்பைரல் போட்ட ஒரு ஜெராக்ஸ் நோட்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு கூடத்தில் நடந்தபடி மனப்பாடம் செய்தாள்.

"நீளம். குழந்தைக்கு நாலு நிமிஷம், பெரியவங்களுக்கு இருபது. அடுத்தது…"

சமையலறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த மார்ஜின் குழாயை மூடினாள். "என்ன சொன்னே?"

"சித்தி, நடுவுல பேசாதீங்க. ஓட்டம் போயிடும்."

"மறுபடி சொல்லுடி."

"குழந்தைக்கு நாலு, பெரியவங்களுக்கு இருபது."

"தப்பு. தலைகீழா சொல்றே. குழந்தைக்குத்தான் இருபது. வேகமா போட்டா ரத்த அழுத்தம் படுத்துடும்."

"நீங்க ஆம்பளைங்க வார்டு சித்தி. உங்களுக்குக் குழந்தைங்க சமாச்சாரம் தெரியாது. இது பெரிய நோட்ஸ். எங்க காலேஜ்ல புத்தகத்துல தப்பு வரும், இதுல வராது."

"யார் எழுதினது?"

"யாரோ ஒரு மேதையாம். படிச்சுப் படிச்சே செத்துப்போயிட்டாங்களாம். சீனியருங்க சொன்னாங்க."

ஈரக்கையோடு மார்ஜின் அந்த நோட்ஸை வாங்கினாள். எழுத்துகள் பிரதி எடுத்து எடுத்துத் தடித்துப்போயிருந்தன, வீங்கிய முகம் மாதிரி. என்றாலும் தெரிந்த முகம்தான். நான்கு பக்கமும் மார்ஜின்.

அலமாரியின் மேல்தட்டில், வருட வாரியாக அடுக்கி, சீட்டு ஒட்டி வைத்திருந்த பெட்டிகளில் மூன்றாவதை இறக்கினாள். மூலநோட்டு கிடைக்கச் சரியாக இருபது விநாடி ஆனது. ஒழுங்கின் பலன் என்றால் இதல்லவா! நாற்பத்தாறாம் பக்கத்தைத் திறந்து, பிரதியைப் பக்கத்தில் வைத்தாள். அந்தப் பக்கத்து எட்டு மருந்துகளில் இன்னும் புழக்கத்தில் இருப்பது நீளம் மட்டும்தான்.

"ஐயோ, கலர்ல இருக்கு!" என்று துள்ளினாள் வாயாடி. "சித்தி, அந்த மேதை நீங்களா? சொல்லவே இல்ல பாருங்க. நாளைக்கே எல்லார்கிட்டயும்…" பாதியில் அவள் கண் சிவப்பு எண்ணிலிருந்து தலைப்புக்கும், தலைப்பிலிருந்து சித்தியின் முகத்துக்கும் போய் நின்றது. அவள் வாய் தானாக மூடியதை அந்தக் குடும்பம் அன்றுதான் முதல்முறை பார்த்தது. பார்த்தது ஒரே ஒருத்திதான் என்றாலும்.

"திங்கக்கிழமை எங்களுக்குக் குழந்தைங்க வார்டு சித்தி," என்றாள் மெல்ல. "நாப்பது பேருக்கும்."

"நாப்பது பேர் இனிமேதான் போவீங்க. ஏற்கனவே போனவங்க?"

மார்ஜின் குழந்தைகள் வார்டுக்குப் போன் போட்டாள். எடுத்த பெண் விஷயத்தைப் பொறுமையாகக் கேட்டாள். "இப்போ அந்த ஊசி யாருக்கும் ஓடலக்கா. வந்தா பாத்துக்கறோம். நாங்க நோட்ஸ் பாக்காம எதுவும் போட மாட்டோம், கவலைப்படாதீங்க" என்று ஆறுதல் சொல்லி வைத்துவிட்டாள்.

அதன் பிறகு மார்ஜின் தன் வாழ்க்கையில் எப்போதும் செய்வதைச் செய்தாள். பட்டியல் போட்டாள். சனி காலை பத்து, ஜெராக்ஸ் கடை. பத்தரை, பாட ஆசிரியை. பதினொன்று, பிழை நீங்கியது. அந்தப் பதினொன்றுக்கு எதிரே ஒரு கட்டமும் வரைந்தாள்.

ஜெராக்ஸ் கடைக்காரருக்கு மூக்குக் கண்ணாடி நெற்றியில் இருந்தது. நோட்ஸின் தாய்ப்பிரதியை அவர் பிளாஸ்டிக் உறையில் போட்டு, மேசை இழுப்பறையில் பூட்டி வைத்திருந்தார்.

"இதை எழுதினது நான்தாங்க. ஒரு பக்கத்துல தப்பு இருக்கு. மாத்தணும்."

"வருஷத்துக்கு ரெண்டு பேர் இப்படிச் சொல்லிக்கிட்டு வர்றாங்க மேடம்," என்றார் அவர், கோபமே இல்லாமல். "போன வருஷம் ஒரு ஆம்பளைகூட வந்தாரு."

அவள் மூலநோட்டை நீட்டினாள். அவர் கண்ணாடியை மூக்குக்கு இறக்கி, இரண்டையும் நீதிபதி மாதிரி ஒப்பிட்டார். "எழுத்து ஜாடை இருக்கு. இல்லேன்னு சொல்லல. ஆனா நம்மகிட்ட இருக்கறது இன்னும் தெளிவா இருக்கே. தலைப்பெல்லாம் போட்டு."

"அந்தத் தலைப்புதாங்க தப்பு! குழந்தைங்க உயிர் விஷயம்."

"உயிர் விஷயம்னா ஆஸ்பத்திரியில சொல்லணும். நான் பக்கத்தை மாத்தினா என்ன ஆகும் தெரியுமா? ‘பழைய நோட்ஸ் இல்லே, இது போலி’ன்னு புள்ளைங்க அடுத்த கடைக்குப் போயிடும். வேணும்னா சரியானதைத் தனித்தாளா குடுங்க. கேக்கறவங்களுக்குத் தர்றேன்."

"தப்புன்னு தெரியாதவங்க எப்படிக் கேப்பாங்க?"

"அதானே," என்று அவரும் ஒப்புக்கொண்டு, அடுத்த வாடிக்கையாளரைப் பார்த்தார்.

பாட ஆசிரியையின் அறையில் எல்லாம் வரிசையாக இருந்தது. பேனாக்கள் ஒரே திசையில் தலைவைத்துப் படுத்திருந்தன. மார்ஜினைப் பார்த்ததும் ஆசிரியை எழுந்துகொண்டாள். "அக்கா! வாங்க, வாங்க. உங்களால படிச்சவ நான். தெரியுமில்ல?" அந்தத் தலைப்புகளை எழுதிய ஜூனியர் அவள்தான்.

மார்ஜின் மூலநோட்டையும் கனத்த புத்தகத்தையும் மேசைமேல் விரித்தாள். புத்தகம் கல்லூரி நூலகத்தது. பக்கங்கள் இன்னும் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன, பிரிக்கும்போது முனகின. ஆசிரியை படித்தாள். மறுபடி படித்தாள். முகம் வெளிறி, சிறிது நேரத்தில் பாதி நிறம் திரும்பி வந்தது.

"ஆறு வருஷமா இந்தக் கேள்வி கேக்கறேன்க்கா. குழந்தைக்கு இருபதுன்னு எழுதினவங்களுக்குத் தப்பு போட்டிருக்கேன். அதுல ஒருத்தி ஃபெயிலாகி, படிப்பையே விட்டுட்டா."

"அவ ஒருத்திதான் புத்தகத்தைத் திறந்திருக்கா."

"இப்ப என்னக்கா செய்யறது? விடைக்குறிப்பு அச்சுக்குப் போயாச்சு. அதை மாத்தணும்னா பாடக்குழு கூடணும்."

"எப்போ கூடும்?"

ஆசிரியை சுவரில் தொங்கிய அட்டவணையைப் பார்த்தாள். மூன்று நிறங்களில் அழகாக எழுதியிருந்தது. "அடுத்த மாசம் பதினெட்டு."

"திங்கக்கிழமை நாப்பது பேர் வார்டுக்குப் போறாங்கம்மா. நாளைக்குள்ள சொல்லிடு. ஒரே ஒரு வரி."

"சொல்றேன்க்கா. ஆனா பரீட்சைக்கு இதைத்தான் எழுதணும்னும் சேத்துச் சொல்லியாகணும். இல்லேன்னா பிள்ளைங்க மார்க் போயிடும். வார்டுல வேற, பரீட்சையில வேறன்னா குழம்பிடுவாங்க. கொஞ்சம் யோசிச்சு, நல்லா ஒழுங்குபடுத்திச் சொல்றேன்."

ஒழுங்குபடுத்தி. அந்தச் சொல்லைக் கேட்டதும் மார்ஜினுக்கு முதுகில் ஏதோ ஊர்ந்தது.

அன்று மாலை வாயாடி தன் வகுப்புக் குழுவில் செய்தி போட்டாள். நாற்பத்தாறாம் பக்கம் தலைகீழ், குழந்தைக்கு இருபது நிமிடம், எழுதினவங்களே சொன்னாங்க. முப்பத்தொன்பது பேரும் பார்த்தார்கள். பதில்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. ‘அவங்கதான் செத்துட்டாங்களே.’ ‘பரீட்சைக்கு எது?’ ‘பரீட்சைக்கு எதுன்னு மட்டும் சொல்லு.’ இருபத்திரண்டு பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று சித்தியும் மகளும் வெகுநேரம் ஆலோசித்தும் தெரியவில்லை.

பதினொன்றுக்கு எதிரே இருந்த கட்டம் காலியாகவே கிடந்தது. அவள் வாழ்க்கையில் அப்படி ஒரு கட்டம் இரண்டு நாள் தொடர்ந்து காலியாகக் கிடந்ததில்லை.

திங்கட்கிழமை காலை மார்ஜின் தன் டியூட்டியை இன்னொருத்தியிடம் மாற்றிக் கொடுத்துவிட்டு, எட்டு மணிக்கே குழந்தைகள் வார்டில் போய் நின்றாள். நீண்ட அறை. இருபுறமும் சின்னக் கட்டில்கள், கம்பித் தடுப்புகள், டெட்டால் வாசனை. முதல் அணியாகப் பத்து மாணவிகள் கையில் குறிப்பேட்டோடு வரிசையாக நின்றார்கள். வாயாடி கடைசியில் நின்று சித்தியைக் கண்ணால் தேடினாள்.

வார்டுக்குப் பொறுப்பான நர்ஸ் நல்லவள். எட்டு வருடமாக இதே வார்டு. குழந்தைகள் அவளைப் பார்த்தால் கை நீட்டும். "வாங்கக்கா, என்ன ஆம்பளைங்க உங்களைத் துரத்திட்டாங்களா?" என்று சிரித்தாள்.

"சும்மா பாக்க வந்தேன். நீளம் யாருக்காவது ஓடுதா?"

"சரியான நாள்ல வந்தீங்க. இதோ, நேத்து சேந்த பையன். கால் புண்ணுல சீழ். முதல் டோஸ் இப்பத்தான்."

ஆறு வயதுப் பையன். அம்மா கட்டிலோரம் உட்கார்ந்து அவன் தலைமுடியைக் கோதிக்கொண்டிருந்தாள். பொறுப்பு நர்ஸ் சிரிஞ்சைத் தயார் செய்துவிட்டு, கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு தலையணையை எடுத்து, பையனின் கால்மாட்டில் வைத்தாள். உறை துவைத்துத் துவைத்து நைந்த, பழைய தலையணை.

"அது எதுக்கும்மா?"

"நீளம் போட்டா குழந்தைங்க துவண்டுடுங்கக்கா. கை கால் சில்லுனு ஆயிடும். இதை வச்சுக் காலைத் தூக்கி விட்டா பத்து நிமிஷத்துல தெளிஞ்சுடும்." மாணவிகள் பக்கம் திரும்பினாள். "எழுதிக்கோங்க. தலையணையை முதல்லயே எடுத்து வச்சுக்கணும். அப்புறம் ஓடக் கூடாது."

பத்துப் பேனாக்கள் எழுதின.

மார்ஜின் அந்த நைந்த உறையைத் தொட்டுப் பார்த்தாள். "எல்லாக் குழந்தைக்குமா?"

"எல்லாத்துக்கும். இந்த மருந்தோட குணமே அதான். எட்டு வருஷமா பாக்கறேனே."

"எல்லாம் தெளிஞ்சுடுச்சா?"

பொறுப்பு நர்ஸ் தலையணையின் மூலையை நேராக்கினாள். "ஒண்ணு ரெண்டு… அதுங்கல்லாம் ஏற்கனவே முடியாம வந்த கேஸுக்கா."

பையனின் அம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். மார்ஜின் சிரிஞ்சுக்குக் கை நீட்டினாள். "இதை நான் போடறேன். நோட்ஸ்ல இருக்கறது தலைகீழ். குழந்தைக்கு இருபது நிமிஷம் ஆகும்."

"இருபதா! அது பெரியவங்களுக்குக்கா. நோட்ஸ்ல…" என்று சிரிக்கப் போனவள், மார்ஜினின் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுக்கொடுத்தாள். சீனியர். ஏதோ பிடிவாதம். "சரி, உங்க இஷ்டம். கை வலிக்கும்."

கை வலித்தது. மார்ஜின் சுவர்க்கடிகாரத்தில் கண் வைத்து, ஒரு எறும்பு நகர்வது போல மருந்தை நகர்த்தினாள். நாலாம் நிமிடம் வந்தபோது மாணவிகள் எல்லோரும் பையனின் முகத்தை எட்டிப் பார்த்தார்கள். அவன் நாக்கை நீட்டி அழகு காட்டினான். பத்தாம் நிமிடத்தில் ஒருத்தி கொட்டாவி விட்டாள். பதினைந்தில் அவன், அந்தப் பக்கத்துக் கட்டில் பாப்பா ஏன் மொட்டை என்று அம்மாவிடம் விசாரித்தான். இருபதாம் நிமிடம் சிரிஞ்சு காலியானது. உதடு சிவப்பாகவே இருந்தது. கை வெதுவெதுப்பாக இருந்தது. அவன் தலையணையை எட்டி உதைத்துவிட்டு, பிஸ்கட் கேட்டான்.

மார்ஜின் வார்டைச் சுற்றிப் பார்த்தாள். யாராவது ஒருத்தி முகத்தில் புரிந்ததன் வெளிச்சம் விழும் என்று காத்திருந்தாள். வாயாடியின் கண் மட்டும் நனைந்திருந்தது. மற்ற ஒன்பது பேரும் குறிப்பேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, இதை எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது என்று தெரியாமல் பொறுப்பு நர்ஸைப் பார்த்தார்கள்.

பொறுப்பு நர்ஸின் நெற்றியில் சுருக்கம் விழுந்திருந்தது. அவள் பையனின் நாடியைப் பிடித்தாள். கண் இமையைத் தூக்கிப் பார்த்தாள். உள்ளங்காலைத் தொட்டுப் பார்த்தாள். காலி மருந்துக் குப்பியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, தேதியைப் படித்தாள்.

"துவளவே இல்லையேக்கா," என்றாள் கவலையோடு. "மருந்து ஏறலியோ?"

"ஏறிடுச்சு. ஏறினா இப்படித்தான் இருக்கணும்."

"எட்டு வருஷத்துல இப்படி ஒரு கேஸ் பாத்ததில்ல." அவள் உண்மையான அக்கறையோடு பையனின் கன்னத்தைத் தடவினாள். அவன் அம்மா பயந்துபோய் எழுந்து நின்றுவிட்டாள். "என்னங்க, மருந்து வேலை செய்யலையா? என் பிள்ளைக்கு ஏதாவது பண்ணுங்க."

"பயப்படாதீங்கம்மா. நான் பாத்துக்கறேன்." பொறுப்பு நர்ஸ் மருந்து அலமாரியைத் திறந்தாள். "இது ஏதோ சரியில்லாத குப்பி. டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு, புதுசு ஒண்ணு உடைச்சு, முறைப்படி நாலு நிமிஷத்துல போட்டுடலாம்."

மாணவிகளுக்கு உயிர் வந்தது. பேனாக்கள் குனிந்தன.

மார்ஜின் பையனின் கையில் ஊசி செருகியிருந்த இடத்தின்மேல் தன் உள்ளங்கையை வைத்து மூடினாள். அவன் பிஸ்கட்டை மென்றபடி, இந்த ஆன்ட்டி ஏன் என் கையை விடமாட்டேங்கறாங்க என்று அம்மாவைக் கேட்டான். அலமாரியில் கண்ணாடிக் குப்பிகள் ஒன்றோடொன்று உரசின. பொறுப்பு நர்ஸ் தோளில் இடுக்கியிருந்த போனில் டாக்டரின் குரல் ‘ஹலோ’ என்றது.